வெயிலைச் சாயம் என்று சொல்ல மறுத்தவர்

எஸ்தர் மேடம் இறந்த செய்தி, அவருடைய போட்டோ ஒன்றைக் கேட்டு வந்த போன் வழியாகத்தான் எனக்குத் தெரிந்தது. பெரிய காஞ்சிபுரத்தில், கல்லூரிக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அலுவலகத்திலிருந்து பேசியவர், மேடம் நல்லா சிரித்த மாதிரி போட்டோ ஏதாவது என்னிடம் இருந்தால் உடனே அனுப்பச் சொன்னார், பேனருக்கு வேண்டுமாம். எதற்குப் பேனர், விருது கிருது ஏதாவது கொடுக்கிறார்களா என்று சந்தோஷமாகக் கேட்டேன். அவர், "உங்களுக்குத் தெரியாதா சார்? காலையில தவறிட்டாங்க. ஹார்ட் அட்டாக்" என்றார். நான் ஏற வேண்டிய பஸ் வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போயே விட்டது.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பேனரின் வாசகம் வாட்ஸ்அப்பில் வந்தது. பிழை பார்த்துத் தரச் சொல்லியிருந்தார்கள். "சாயக் கழிவைக் கண்டறியும் ஒளியிழைக் கருவி கண்டு பாலாற்றைக் காத்த விஞ்ஞானி" என்று போட்டிருந்தது. எழுத்தில் பிழை ஒன்றும் இல்லை. சொன்ன செய்திதான் பிழை. அப்படி ஒரு கருவியை அவர் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்கவில்லை என்று ஊரைக் கூட்டி வைத்து அவரே சொன்னார். அதற்காகத்தான் அவரை இத்தனை வருஷம் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். இறந்த அன்றைக்கே அந்தப் பொய்யைத் திரும்ப அவர் தலையில் கட்டப் பார்க்கிறார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது.

அவருடன் வேலை பார்த்தவர்களே, அவரிடம் படித்தவர்களே, அந்தப் பேனருக்குக் கீழே நின்று கும்பிட்டவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அழுதுகொண்டு எழுதவில்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன். எனக்கு மூக்கு மேலே கோபம் வரும் என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

எங்கள் பழக்கமே சண்டையில்தான் ஆரம்பித்தது. நான் வேதியியல் வாத்தியார். எங்கள் துறையின் ஸ்டோர் ரூமை நடுவில் தடுத்து, பாதியை இயற்பியலுக்குப் புதிதாக வந்த ஒரு மேடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள் என்று நேராக அங்கேயே போய் நின்றேன். நான் சொன்னதையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார், ஜன்னலைச் சாத்தினார், கதவையும் சாத்தினார். சித்திரை வெயில். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "கோபமா இருந்தா கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்க சார். உங்க மூச்சும் இதுக்குக் காத்துதான்" என்றார்.

இதற்கு என்றால் எதற்கு என்று குனிந்து பார்த்தேன். மேஜைமேல் இரண்டு சின்ன மோட்டார். அவற்றின் நடுவே, தலைமுடி மாதிரி ஒரு கண்ணாடி இழை. டெலிபோன், இன்டர்நெட்டுக்கெல்லாம் பூமிக்கடியில் ஓடுகிறதே, அதே ஒளியிழைதான், மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறையை உரித்துவிட்டிருந்தார். அதன் நடுவில் ஒரு சின்ன நெருப்பு. கண்ணாடி இளகியதும் மோட்டார்கள் இரண்டும் அதை இரு பக்கமும் மெல்ல இழுக்கும். நடுப்பகுதி இளைத்து இளைத்து, கடைசியில் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். அங்கே ஏதோ இருக்கிறது என்பதற்கு ஒரே அடையாளம், உள்ளே லேசர் விட்டால் சிவப்பாக ஒரு கோடு ஒளிரும். ஃபேன் ஓடினால் அது அறுந்துவிடும். பக்கத்தில் யாராவது தும்மினாலும் அறுந்துவிடும். அன்றைக்கு அது அறுந்துதான் போனது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை, அடுத்த இழையை எடுத்து மாட்டினார்.

இதனால் என்ன லாபம் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை, இன்றைக்கும் என் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சாதாரண ஒளியிழையில் வெளிச்சம் கண்ணாடிக்கு உள்ளேயே போய்விடும், வெளியே என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. இழையை இப்படி இளைக்க வைத்துவிட்டால், வெளிச்சத்துக்கு உள்ளே இடம் போதாது. கொஞ்சம் வெளியே வழிந்து, இழையை ஒட்டினாற்போலப் போகும். "பஸ்ல ஜன்னல் ஓரமா ஒக்காந்துக்கினு கைய வெளிய நீட்டுனா மழை தூறுதான்னு தெரியுமில்ல சார், அவ்ளோதான்" என்றார். அந்த இழை தண்ணீரில் கிடந்தால் தண்ணீர் வெளிச்சத்தை ஒரு மாதிரி மாற்றும், உப்புத் தண்ணீர் வேறு மாதிரி மாற்றும். மறுமுனையில் வரும் வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தால், இழை எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். நான் சண்டை போடப் போன விஷயத்தை அத்தோடு மறந்துவிட்டேன்.

அவர் செவிலிமேட்டில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் பாலாற்றுப் பக்கத்து நிலங்களில் கூலி வேலை செய்தவர்கள். நான் தாமல் பக்கத்தில் நிலபுலன் உள்ள குடும்பம். என்னைப் போன்றவர்களின் நிலத்தில்தான் அவரைப் போன்றவர்கள் வேலை செய்தார்கள். இதை அவரும் ஒளித்ததில்லை, நானும் ஒளிக்க முடியாது. கல்லூரியை ஆய்வு செய்ய வந்த ஒரு பெரியவர் ஒருமுறை அவருடைய ஆராய்ச்சியைப் பற்றி நாலு வார்த்தை கேட்டுவிட்டு, அப்புறம் சாவகாசமாக, காஞ்சிபுரத்தில் எந்தத் தெரு என்று விசாரித்தார். எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். தெருப் பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் சொன்ன மாதிரி. எஸ்தர் மேடம் முகம் மாறாமல், "ரிசர்ச் பேப்பர்ல தெரு போடற வழக்கம் இல்லைங்க சார்" என்றார். அந்தப் பெரியவர் டீயை எடுத்துக் குடிக்க ஆரம்பித்துவிட்டார்.

சென்னையில் ஒரு கருத்தரங்கில் இன்னொரு கூத்து. நானும் கூடப் போயிருந்தேன். பெரிய பெரிய ஆய்வகங்களிலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து, இந்த மாதிரி வேலையெல்லாம் காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு செய்ய முடியுமா, வசதி வேண்டாமா என்று கேட்டார். அக்கறையாகக் கேட்பது போலத்தான் கேட்டார். மேடம் ஒரு நொடி யோசித்தார். "வெளிச்சம் காஞ்சிபுரத்துக்கு மட்டும் லேட்டா வருதுங்களா சார்?" என்றார். சபையே சிரித்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அவர் சிரிக்கவில்லை. வசதி இல்லைதான் சார், ஆனா அத அந்தாளு சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவருக்குத் தண்ணீர்மீது ஒரு கண் இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற ஊர் இது. சாயத் தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்காத காலத்தில் அவர் சின்னப் பெண். வீட்டுப் பக்கத்துக் கிணற்றில் அவருடைய அம்மா வாளியை இறைத்ததும் முதலில் முகர்ந்து பார்ப்பாராம், வாடை அடித்தால் கொட்டிவிட்டு வேறு கிணற்றுக்குப் போவாராம். மூக்குக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அது இழைக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் மேடத்தின் ஆசை. சாயத் தண்ணீரைப் பல அளவில் கலந்து, ஒவ்வொன்றிலும் இழையை முக்கி, மறுமுனையில் வரும் வெளிச்சத்தின் நிறம் திரையில் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தார். சாயம் கூடக் கூட வெளிச்சமும் கூடவே நகர்ந்தது. வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேர்கோடு. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குத்தான் தெரியும், அப்படி ஒரு கோட்டைப் பார்த்தால் சாப்பாடு கூட வேண்டியிருக்காது.

கட்டுரை வெளியானது. கல்லூரி நிர்வாகத்துக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது இருந்த கல்லூரி முதல்வர் ஒரு விழாவுக்கே ஏற்பாடு செய்தார். தலைமை விருந்தினர், லோக்கல் டிவி, சால்வை, எல்லாம். மேடையிலேயே கருவியை இயக்கிக் காட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. அதற்காக மேடம் தினமும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒத்திகை நடந்த நாள்களில் திடீரென்று மழை மூட்டம் போட்டது. வானம் கறுத்து, வெயிலே இல்லை. அந்த நாள்களில் பார்த்தால் நேர்கோடு படுத்துவிட்டது. சாயம் எவ்வளவு இருந்தாலும் வெளிச்சம் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. மறுபடி வெயில் வந்ததும் கோடும் எழுந்து நின்றது. முதல்வரிடம் சொன்னபோது, மூட்டம் போட்ட நாள் கணக்கை விட்டுத் தள்ளுங்கள், ஈரக் காற்றில் ஏதோ கோளாறாகியிருக்கும் என்றார். நல்ல வார்த்தையாகத்தான் சொன்னார். எத்தனையோ பேர் அப்படித் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எஸ்தர் மேடம் தள்ளவில்லை. அறையின் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். அந்த அறையில் ஃபேன் ஓடக் கூடாது, கதவு திறக்கக் கூடாது, நெருப்பு இருக்கும் மேஜையில் தண்ணீர் வைக்கக் கூடாது. எல்லாம் அவரே போட்ட சட்டம். அதனால் சாயத் தண்ணீர் பாட்டில்களை வைக்க ஒரே இடம் ஜன்னல் கட்டை. ஜன்னல் கண்ணாடி வழியாகக் காலை வெயில் நேராக அங்கேதான் விழும். ஒப்பிட்டுப் பார்க்கிற சுத்தத் தண்ணீரோ என் ஸ்டோரின் இருட்டு மூலையில் குளுகுளுவென்று இருக்கும். சாயம் அதிகமான பாட்டில் அதிகக் கறுப்பாக இருக்கும். கறுப்பாக இருப்பது வெயிலை அதிகம் குடிக்கும். அதிகச் சூடாகும். அந்தச் சூட்டுக்குத்தான் வெளிச்சம் நகர்ந்தது. சாயத்துக்கு அல்ல.

அதை அவர் அன்றைக்கே சோதித்துப் பார்த்துவிட்டார். சாயமே இல்லாத தண்ணீரை லேசாகச் சுட வைத்து இழையை முக்கினார். வெளிச்சம் நகர்ந்தது. கரேலென்று இருந்த சாயத் தண்ணீரை என் ஸ்டோர் மூலையில் ஆற வைத்து முக்கினார். அசையவில்லை. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "நம்ம கருவி சாயத்தப் பாக்கவே இல்ல சார். இத்தினி நாளா வெயிலத்தான் பார்த்துக்கினு இருந்திருக்குது" என்றார். காஞ்சிபுரத்து வெயிலும், காற்றுக்குப் பயந்து அடைத்து வைத்த அறையும், ஊரின் சாயமும் சேர்ந்து செய்த தப்பு அது. ஏ.சி. போட்ட பெரிய ஆய்வகத்தில் இந்தத் தப்பு நடந்திருக்கவே நடந்திருக்காது. அதை நான் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இடத்தைக் குறை சொல்லாதீங்க, பாட்டிலை வெச்சது நான் என்றார்.

விழாவை நிறுத்த முடியாது என்று முதல்வர் சொல்லிவிட்டார். அழைப்பிதழ் போயாகிவிட்டது, இப்போதைக்குக் காட்டிவிட்டு அப்புறம் நிதானமாகச் சரி செய்துகொள்ளுங்கள் என்றார். இயற்பியல் துறையில் சிலரும் அதையே சொன்னார்கள். பாட்டிலை வெயிலில் வைத்துவிட்டு எடுத்தால் கருவி அழகாக வேலை செய்யும், யாருக்கு என்ன தெரியப்போகிறது. அவர் எல்லாருக்கும் சரி சரி என்று தலையாட்டினார். இவரும் இணங்கிவிட்டாரோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

விழா அன்று மேடையில் இரண்டு கண்ணாடி டம்ளர் வைத்தார். இரண்டிலும் குடிக்கிற தண்ணீர், ஒன்று மட்டும் வெதுவெதுப்பானது. இழையை முதலில் குளிர்ந்த தண்ணீரிலும் பிறகு வெதுவெதுப்பான தண்ணீரிலும் முக்கி, திரையில் கோடு நகர்வதைக் காட்டினார். கைதட்டினார்கள். கைதட்டி முடியட்டும் என்று காத்திருந்தார். பிறகு மைக்கில், இந்த இரண்டு டம்ளரிலும் சாயமே இல்லை, என் கட்டுரை தப்பு, இந்தக் கருவிக்குச் சூடுதான் தெரிகிறது, சாயம் தெரியவில்லை என்று அடக்கமாக, தெளிவாகச் சொன்னார். முதல்வரின் முகம் சுண்டிப்போயிற்று. தலைமை விருந்தினர், போட்ட சால்வையைத் திரும்ப வாங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். லோக்கல் டிவிக்காரர் கேமராவை இறக்கிவிட்டார்.

பிறகு முதல்வர் அறையில் பெரிய ரகளை. கல்லூரி மானத்தை வாங்கிவிட்டீர்கள் என்று கத்தினார். நானும் உள்ளே நுழைந்து என் பங்குக்குக் கத்தினேன். மேடம் மட்டும் குரலை உயர்த்தவே இல்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என் கோபத்தில் ஒரு எழுத்து கூட்டவில்லை: "மூட்டம் போட்ட அன்னிக்கு இந்தக் கருவி எல்லாத் தண்ணியும் நல்ல தண்ணின்னு சொல்லும் சார். அத நம்பிக்கினு எங்கம்மா மாதிரி ஒருத்தி கொடத்துல மொண்டுக்கினு போவா. அவளுக்கு யாரு பதில் சொல்றது?"

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவருடைய பதவி உயர்வு நின்றுபோனது. அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் துறைத் தலைவர் ஆனார்கள். அறையில் பாதியைப் பழைய நாற்காலி போட்டு வைக்க எடுத்துக்கொண்டார்கள். கட்டுரை வெளிவந்த இதழுக்கு அவரே எழுதி, தப்பைத் தப்பு என்று அதே இதழில் போட வைத்தார். எங்கள் நிர்வாகம் அதை அவமானம் என்று நினைத்தது. எனக்கு அது அவருடைய எல்லாக் கட்டுரைகளையும் விடப் பெரியது.

விழாவுக்கு மறுநாளே அவர் வழக்கம்போல வந்தார். ஃபேனை நிறுத்திவிட்டு நெருப்பைப் பற்றவைத்தார். ஒரு இழைக்குப் பதில் இரண்டு இழை, ஒன்றைக் குழாயில் அடைத்து வெறும் சூட்டை மட்டும் பார்க்க விடுவது, மற்றதைத் தண்ணீரைத் தொட விடுவது, இரண்டையும் கழித்தால் சாயம் மட்டும் மிஞ்சும் என்று ஒரு வழி பிடித்தார். கெட்டியான சாயத்துக்கு அது சரியாக வந்தது. கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் கொஞ்சநஞ்சத்துக்கு வரவில்லை. வரவில்லை என்றுதான் கடைசிவரை சொன்னார். எப்ப வரும் என்று கேட்டால், "வந்தா சொல்றேன், வராம சொல்ல மாட்டேன்" என்பார்.

இதற்கு நடுவில் அவருக்கு ஒரு விளையாட்டும் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த இழையை மைக்ராஸ்கோப்பில் வைத்து முடிச்சுப் போடுவார். அந்த முடிச்சுக்குள் நுழைந்த வெளிச்சம் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். முடிச்சின் அளவுக்கு ஒத்துவரும் சில நிறங்கள் மட்டும் அதற்குள் சிக்கிக்கொள்ளும், மற்றவை நேராக வெளியே போய்விடும். வெளிச்சத்தைச் சலித்தெடுக்கும் சல்லடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் செய்கிற வேலைகளை வெளிச்சத்தை வைத்தே செய்ய உலகத்தில் எங்கெங்கோ முயற்சி நடக்கிறது, அதற்கு இந்த மாதிரிச் சல்லடைகள் வேண்டும். எங்கள் பழைய நாற்காலி ஸ்டோரில், சட்டை நனைய, அவர் அதைப் போட்டுக்கொண்டிருந்தார். முதல் முடிச்சு விழுந்த அன்றைக்கு அரை மூச்சில் "சார், வாங்க, மூச்சு விடாம வாங்க" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். கறுப்பு இருட்டில் ஒரு சிவப்பு வளையம். நான் வியந்து மூச்சு விட்டுவிட்டேன், அறுந்துபோய்விட்டது. அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். அந்தச் சிரிப்பின் போட்டோ என்னிடம் இல்லை.

இனி பேனருக்கு வருகிறேன். அடக்கத்துக்கு முன் செவிலிமேட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் டேவிட், டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு, இரங்கல் கூட்டத்துக்கு இப்படி ஒரு பேனர் போடுகிறார்கள், அது உண்மையில்லை, மாற்றச் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் என் கையை விட்டுவிட்டார். "உசுரோட இருந்தப்போ ஒருத்தனும் ஒரு நல்ல வார்த்த சொல்லல சார். இப்பவாச்சும் சொல்லட்டுமே. விட்டுடுங்க" என்றார். மற்றவர்கள் வாயை அடைக்க எனக்குத் தெரியும். அவரிடம் என்ன பேசுவது? எழுந்து வந்துவிட்டேன்.

இரங்கல் கூட்டத்தில் என்னையும் பேச அழைத்திருந்தார்கள். இப்போதைய முதல்வர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பழைய விழாவைப் பற்றி மட்டும் வேண்டாம், குடும்பத்தார் வந்திருக்கிறார்கள் என்றார். மேடைக்குப் பின்னால் அந்தப் பேனர் சுவர் அகலத்துக்குத் தொங்கியது. முன் வரிசையில் டேவிட் உட்கார்ந்திருந்தார். எனக்கு முன் பேசியவர்கள் எல்லாரும் அந்தக் கருவியைப் புகழ்ந்தார்கள். ஒருவர் அதைப் பயன்படுத்திக் கழிவைப் பிடித்ததாகவே சொன்னார். அந்தக் கருவியை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை.

என் முறை வந்தது. டேவிட்டின் முகத்தைப் பார்த்தால் பேச வராது என்று கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டு பேசினேன். இந்தப் பேனரில் இருக்கிறது பொய், இதைப் பொய் என்று இதே மேடையில் நின்று சொன்னவர் எஸ்தர் மேடம் என்றேன். பாட்டிலையும் வெயிலையும் சொன்னேன். அவரை யாரும் கையும் களவுமாகப் பிடிக்கவில்லை, அவரே தேடி, அவரே கண்டுபிடித்து, அவரே சொன்னார் என்றேன். செய்யாததைச் செய்தார் என்று புகழ்ந்தால் செய்ததை அழிக்கிறோம் என்றேன். மைக்கை அணைத்துவிட்டார்கள். எனக்கு வாத்தியார் தொண்டை, மைக் தேவைப்படவில்லை. கூட்டம் முடிவதற்குள் டேவிட் எழுந்து போய்விட்டார். அதைப் பார்த்தபோது மட்டும் என் குரல் இறங்கிவிட்டது.

போன வாரம் மேடத்தின் பொருள்களை எடுத்துப்போக டேவிட் ஆய்வறைக்கு வந்தார். என்னிடம் பேச மாட்டார் என்று நினைத்தேன். டிபன் பாக்ஸ், குடை, பைபிள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, மோட்டார் இருந்த மேஜையைப் பார்த்தபடி நின்றார்.

"அவ தப்பு பண்ணி மாட்டிக்கினான்னுதான் சார் நான் இத்தினி வருஷமா நெனச்சிக்கினு இருந்தேன். வெளிய தலகாட்ட முடியாம ஆயிடுச்சேன்னு. தெனம் ராத்திரி சோறு போடறப்போ, போவுது விடும்மா, தப்பு பண்ணாத ஆளு யாருன்னு சமாதானம் சொல்லுவேன்."

"மேடம் என்ன சொல்லுவாங்க?"

"ஒன்னும் சொல்லாது. சிரிக்கும். எதுக்குச் சிரிக்குதுன்னே எனக்குத் தெரியல சார்."

அவர் மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். நான் வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன். அவரே பேசினார். மேடையில் நீங்கள் சொன்னதை எழுதிவிடுங்கள் சார், எதையும் விடாமல் எழுதுங்கள், எங்கள் சொந்தக்காரங்க எல்லாரும் படிக்கட்டும் என்றார். நான் அன்றைக்கு அவருக்கு என்ன ஆறுதல் சொன்னேன் என்று நினைவில்லை. ஆறுதல் எனக்குத்தான் தேவைப்பட்டது.

கல்லூரி மலருக்காகத்தான் முதலில் இந்தக் கட்டுரையைக் கேட்டார்கள். விழாப் பகுதியை எடுத்துவிட்டால் உடனே அச்சுக்குப் போகும் என்கிறார்கள். தலைகீழாக நின்றாலும் எடுக்க மாட்டேன். மலரில் வராவிட்டால் நானே நகல் எடுத்து, அவரை அறிந்த ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பேன். அவர் பெயரில் இன்னொரு தடவை அந்தப் பேனரை மாட்டினால், நான் அதற்குக் கீழே நின்று இதையே திரும்பப் படிப்பேன். என் ஓய்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

எஸ்தர் மேடத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். ஊரே கைதட்டும்போது அது இல்லை என்று சொல்வது, சொன்ன பிறகு மறுநாள் காலையில் அதே வேலைக்கு வந்து நிற்பது. முதல் பாதி எனக்குச் சுலபம், வாய்த்துடுக்கு பிறவியிலேயே இருக்கிறது. இரண்டாவது பாதி அவருடையது, எனக்கு இன்னும் வரவில்லை. கூட்டத்துக்குப் பிறகு லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், டேவிட் வந்த ஒரு நாள் மட்டும் அறையைத் திறந்துவிடப் போய் வந்தேன். நாளைக்கு வேலைக்குப் போகிறேன்.